ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: டெஸ்க்டாப்பில் எங்கிருந்து தொடங்குவது?

பவர் பட்டனை அழுத்தினால் கேபினட்டில் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. அல்லது ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டு அணைந்துபோகிறது. இந்த நிலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், திறந்து பார்ப்பதற்கு முன்பே ‘போர்டு போயிருக்கும்’, அதாவது மதர்போர்டு கெட்டிருக்கும் என்ற பதில் வருவதுண்டு. போர்டும் போகும்தான். ஆனால் ராமில் (போர்டில் குச்சிபோல் செருகும் நினைவக அட்டை) படிந்த அழுக்கு, சரியாகச் செருகாத ஒரு கேபிள், உள்ளேயே சிக்கிக்கொண்ட ரீசெட் பட்டன் எல்லாமே வெளியில் காட்டுவது இதே அறிகுறியைத்தான். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு வெள்ளை ரப்பர், ஒரு புது பெயின்ட் பிரஷ், ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் புது போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள். ராமைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, கேபிளை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் டிஸ்ப்ளே வந்துவிடலாம். எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபேன் சுற்றுவதால் என்ன தெரிகிறது?

எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டி) 12 வோல்ட் வருகிறது என்று தெரிகிறது. அவ்வளவுதான். பிராசஸர் வேலை செய்கிறதா, ராம் கிடைத்ததா என்பதற்கு ஃபேன் சாட்சி சொல்லாது.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடக்கும் வரிசை இது. எஸ்.எம்.பி.எஸ் தன் 12, 5, 3.3 வோல்ட் லைன்கள் நிலைப்பட்டதும், சுமார் 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் ‘பவர் குட்’ என்ற 5 வோல்ட் சிக்னலைச் சாம்பல் நிற ஒயரில் அனுப்பும். அது வரும்வரை பிராசஸரை போர்டு ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். பிறகு பிராசஸர் பயாஸ் சிப்பை, அதாவது மெஷினைத் தொடக்கிவைக்கும் சின்ன புரோகிராம் உள்ள சிப்பைப் படிக்கத் தொடங்கும். பயாஸ் முதலில் ராமைத் தேடும், அடுத்து கிராபிக்ஸைத் தேடும். இரண்டும் கிடைத்த பிறகுதான் திரையில் லோகோ. இதில் ஹார்டு டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் வேலையே இல்லை. எனவே லோகோகூட வராத மெஷினுக்கு ‘ஓ.எஸ் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லோகோ வருகிறது, விண்டோஸ் ஏறும்போது மட்டும் கறுப்பாகிறது என்றால் அது வேறு கோளாறு. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். அதிலும் வராவிட்டால் சேஃப் மோடில் போய் டிரைவரை நீக்கிப் போடுங்கள். இந்தக் கட்டுரை லோகோவே வராத மெஷினுக்கானது.

மூடியைத் திறப்பதற்கு முன்

மானிட்டரில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வீடியோ கேபிளை மானிட்டரிலிருந்து உருவிவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்து ஆன் செய்யுங்கள். ‘நோ சிக்னல்’, ‘செக் கேபிள்’ மாதிரி ஏதாவது எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. எழுத்தே வராமல் லைட் மட்டும் எரிந்தால் மானிட்டர் மேலேயே சந்தேகப்பட வேண்டும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் போயிருக்கிறது, கோளாறு மானிட்டரில்.

மானிட்டரில் வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ என்று இரண்டு வழி இருந்தால், எந்தக் கேபிள் செருகியிருக்கிறதோ அதையே மெனுவில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆட்டோ என்று வைத்திருந்தாலும் சில மானிட்டர்கள் தானாக மாறாது. வி.ஜி.ஏ கேபிளின் முனையில் ஊசிகள் ஏதும் வளைந்திருக்கிறதா பாருங்கள். நடு வரிசையில் ஒரு ஊசி இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம். 9ஆவது ஊசி பல கேபிள்களில் கிடையாது. எச்.டி.எம்.ஐயிலிருந்து வி.ஜி.ஏவுக்கு மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால், முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். முடிந்தால் ஒரு டிவியில் நேரடியாக எச்.டி.எம்.ஐ கேபிளைச் செருகிப் பாருங்கள்.

அடுத்து, கேபிள் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது? கேபினட்டின் பின்பக்கம் யு.எஸ்.பி போர்ட்டுகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டின் வீடியோ போர்ட். அதற்குக் கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டின் போர்ட். கார்டு இருக்கும் மெஷினில் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டு செருகியதும் பல போர்டுகள் தங்கள் போர்ட்டை அணைத்துவிடும். துடைப்பதற்காகக் கேபிளைக் கழற்றி, மாட்டும்போது இடம் மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கார்டே இல்லாத மெஷின் என்றால் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் ஐ3-10100எஃப், ஐ5-12400எஃப் என ‘எஃப்’ எழுத்தில் முடிபவற்றில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டியில் ரைசன் 5 5600க்குக் கிடையாது, 5600ஜிக்கு உண்டு. போர்டில் எச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கிறது என்பதால் மட்டும் படம் வந்துவிடாது. அந்தப் படத்தை வரைய வேண்டியது பிராசஸர்.

கடைசியாக ஒரு சோதனை, இதைத் தவறவிடாதீர்கள். ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால் பிராசஸர், ராம், போர்டு மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கோளாறு கிராபிக்ஸிலோ கேபிளிலோ மானிட்டரிலோதான். நேராகக் கிராபிக்ஸ் பகுதிக்குப் போகலாம். லைட் அசையவே இல்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

திறக்கும்போது

சுவிட்சை அணைத்தால் போதாது, பவர் கேபிளையே எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து உருவுங்கள். உருவிய பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்திருங்கள். போர்டில் மிச்சம் தங்கிய மின்சாரம் வடியும். சில மெஷின்கள் இதிலேயே சரியாகிவிடும், ஒருமுறை மாட்டி ஆன் செய்து பாருங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க, உள்ளே கைவைக்கும் முன் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பாகத்தைத் தொடுங்கள். பாலியஸ்டர் பெட்ஷீட் விரித்த கட்டில் மேல் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். மரமேசை நல்லது.

எந்த ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று தெரிய, எதையும் தொடுமுன் மொபைலில் நான்கு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் பட்டன்களின் மெல்லிய ஒயர்களைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள்.

ராம்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

டிஸ்ப்ளே வராத பழைய மெஷின்களில் முதல் சந்தேகம் ராம் காண்டாக்ட். காரணம் எளிது. ராமின் அடிவிளிம்பில் இருக்கும் தங்கப்பூச்சு மிக மெல்லியது; ஸ்லாட்டில் அதை அழுத்திப் பிடிப்பவை தலைமுடிபோன்ற ஸ்பிரிங் ஊசிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று ஏறி, அதன்மேல் தூசி படிந்து, ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து களிம்பே பிடித்துவிடும். மெஷினை ஒரு மாதம் போடாமல் வைத்திருந்து ஆன் செய்யும்போது டிஸ்ப்ளே வராமல் போவது பல நேரம் இதனால்தான். பெட்டியை வேறு வீட்டுக்கு எடுத்துப்போகும்போது குலுங்கியும் ராம் ஒரு மில்லிமீட்டர் எழும்பிவிடும்.

ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். ராம் தானே எழும்பும். சில புது போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் திறக்கும், மறுபக்கத்தை வற்புறுத்தாதீர்கள். ராமை ஓரங்களில் பிடித்து, வெளிச்சத்தில் தங்க விளிம்பைப் பாருங்கள். நல்ல காண்டாக்ட் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். மங்கிப்போய், ஊசி தொட்ட இடத்தில் மட்டும் சின்னக் கோடாகத் தெரிந்தால், குற்றவாளி கையில் இருக்கிறது.

பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் துடைக்க வேண்டும். ராமை மேசைமேல் தட்டையாக வைத்து, சிப் இருக்கும் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி, ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை தேயுங்கள். இரண்டு பக்கமும். ரப்பர் கறுத்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர், உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம். தங்கப்பூச்சு ஒருமுறை உரிந்தால் திரும்ப வராது. ரப்பர் துகள்களைப் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் உட்காரும். மெடிக்கல் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டால் இன்னும் நல்லது.

ஸ்லாட்டையும் மறந்துவிடாதீர்கள். உலர்ந்த பிரஷை உள்ளே விட்டு நீளவாக்கில் நான்கு தடவை ஓட்டுங்கள். எறும்பு, பல்லி எச்சம், கரப்பான் கால் எல்லாம் வெளியே வரும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஸ்லாட்டில் அடிக்கவே கூடாது.

மாட்டும்போது ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டுங்கள். ராமின் நடுப்பள்ளமும் ஸ்லாட்டின் மேடும் பொருந்துகிறதா பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்த வேண்டும். கிளிப் ‘டக்’ என்று தானாக மூடும். கிளிப்பைக் கையால் தள்ளி மூட வேண்டியிருந்தால் ராம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ராமை வைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். போர்டில் ஏ2 என்று அச்சிட்டிருக்கும். இரண்டே ஸ்லாட் என்றால் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனித்தனியாகச் சோதித்தால் நான்கு முயற்சி. எந்த ராமை வைத்தாலும் ஒரு ஸ்லாட் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் ஸ்லாட் பிரச்சினை. எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் ஒரு ராம் மட்டும் வரவில்லை என்றால் ராம் பிரச்சினை.

செகண்ட் ஹாண்டில் ராம் வாங்கி மாட்டிய பிறகு டிஸ்ப்ளே போனவர்கள் இதையும் கவனியுங்கள். எச்61 மாதிரி பழைய இன்டெல் போர்டுகளுக்கு டிடிஆர்3 ராம் தேடும்போது, ‘ஏ.எம்.டி போர்டுக்கு மட்டும்’ என்ற 8 ஜிபி ராம் மற்றவற்றைவிட மலிவாகக் கிடைக்கும். அது கெட்ட ராம் அல்ல. அதன் சிப்களின் அமைப்பு வேறு, இன்டெல் போர்டுக்குப் புரியாது. எவ்வளவு துடைத்தாலும் டிஸ்ப்ளே வராது.

டிடிஆர்5 ராம் போட்ட புது மெஷின் என்றால் முதல்முறை ஆன் செய்ததும் பொறுமை வேண்டும். ராமின் நேரக்கணக்கைப் போர்டு தானே கற்றுக்கொள்ளும்போது திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள்.

பயாஸ் அமைப்பை அழித்தல்

ராம் வேகத்தைக் கூட்டி வைத்ததாலோ, கரண்ட் போய் வந்ததில் அமைப்பு குழம்பியதாலோ டிஸ்ப்ளே போயிருக்கலாம். அழித்துவிட்டால் போர்டு கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் முன்னெச்சரிக்கை ஒன்று: விண்டோஸ் 11 லேப்டாப்களில் மட்டுமல்ல, டெஸ்க்டாப்களிலும் டிஸ்க்கில் உள்ளதைப் பாதுகாக்கும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து அந்தக் கீ இருக்கிறதா என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் கேபிளை உருவுங்கள். போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியைப் பக்கத்துக் கொக்கியைத் தள்ளி எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து, கூட்டல்குறி மேலே தெரியும்படி மாட்டுங்கள். அவசரமென்றால் பேட்டரியைத் தொடாமலேயே, ‘கிளியர் சிமாஸ்’ என்று அச்சிட்ட இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி சேர்த்துத் தொடலாம். இதையும் பவர் இல்லாதபோதுதான் செய்ய வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியை அளந்துவிடுங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். தீர்ந்த பேட்டரி பெரும்பாலான போர்டுகளில் தேதியை மறக்கவைப்பதோடு நிற்கும்; சில பழைய போர்டுகளில் டிஸ்ப்ளேயையும் தடுக்கும்.

கிராபிக்ஸ் கார்டு

கார்டு இருக்கிறது, பிராசஸரிலும் கிராபிக்ஸ் இருக்கிறது என்றால் வேலை எளிது. கார்டைக் கழற்றிவிட்டு கேபிளைப் போர்டில் செருகுங்கள். டிஸ்ப்ளே வந்தால் கார்டுதான். கழற்றும்போது ஸ்லாட்டின் முனையில் உள்ள சின்னப் பூட்டை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அதை மறந்து இழுத்து ஸ்லாட்டையே உடைத்தவர்கள் உண்டு. கார்டின் காண்டாக்ட்டையும் ராமைத் துடைத்த மாதிரியே துடைத்து மாட்டுங்கள்.

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனி ஒயர்: 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். அந்த ஒயர் செருகாவிட்டாலும் கார்டின் ஃபேன் சுற்றலாம், படம் வராது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 14, அதாவது 168 வாட்தான் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து. மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தாலும் நீங்கள் நம்ப வேண்டியது இந்தச் சின்ன எழுத்தை.

பீப் சத்தம்: கண்ணில்லாத போர்டின் வாய்

ஸ்க்ரீன் இல்லாமல் போர்டு பேச ஒரு வழி இருக்கிறது. ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய நான்கு ஊசி இடத்தில் மாட்டும் சின்ன பஸ்ஸர். புது கேபினட்களில் இதைக் கொடுப்பதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸரை மாட்டிவிட்டு, எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் பீப் என்று கத்தினால் நல்ல செய்தி: பிராசஸர் ஓடுகிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, ராம் இல்லை என்று போர்டு புகார் சொல்கிறது. பிறகு ராமை மாட்டி, சத்தம் நின்று, அப்போதும் படம் வரவில்லை என்றால் ராமிலும் கிராபிக்ஸிலும் தேடுங்கள். ராம் இல்லாமலும் சத்தமே இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ், பிராசஸர், பயாஸ், போர்டு நான்கில் ஒன்று. ‘போர்டு போச்சு’ என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

ராம், கிராபிக்ஸ் எல்லாம் மாட்டிய நிலையில் வரும் சத்தத்துக்கு கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். ஏசஸ் போர்டுகளில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் ராம் கிடைக்கவில்லை, ஒரு நீளமும் மூன்று குட்டையும் என்றால் கிராபிக்ஸ் கிடைக்கவில்லை. பழைய அவார்டு பயாஸில் அதே ஒரு நீளம் இரண்டு குட்டை கிராபிக்ஸைக் குறிக்கும். ஆகவே உங்கள் போர்டின் மேனுவலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சமீபத்திய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன எல்.இ.டி இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் மெஷின் சிக்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு

இதுவரை பலன் இல்லையென்றால் ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், யு.எஸ்.பியில் செருகிய எல்லாம், கேபினட்டின் முன்பக்க யு.எஸ்.பி ஒயர், ஆடியோ ஒயர் அனைத்தையும் போர்டிலிருந்து பிடுங்குங்கள். போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ராம், எஸ்.எம்.பி.எஸ் மட்டும் மிஞ்சட்டும் (பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும்). முன்பக்க யு.எஸ்.பி ஓட்டைக்குள் நாக்கு உடைந்து ஊசிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலே மெஷின் நின்றுவிடும்.

முன்பக்கப் பட்டன் ஒயர்களையும் பிடுங்கிவிடுங்கள். ரீசெட் பட்டன் அழுந்தியபடி சிக்கிக்கொண்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஆனால் போர்டு நிரந்தரமாக ரீசெட்டில் நிற்கும். பார்க்க அச்சு அசலாகப் போர்டு போனதுபோலவே இருக்கும். பட்டன் இல்லாமல் ஆன் செய்ய, ‘பவர் சுவிட்ச்’ என்று குறித்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும்.

புதிதாக அசெம்பிள் செய்த மெஷின் என்றால் பிராசஸருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் இருக்கும் 4 பின் அல்லது 8 பின் பவர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய 24 பின்னைச் செருகிவிட்டு இதை விட்டுவிடுவது புதியவர்களிடம் மிகச் சாதாரணம். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும், பிராசஸருக்கானது 4+4 ஆகப் பிரியும். ஒன்றை மற்றதில் அழுத்தித் திணிக்காதீர்கள். போர்டுக்கு அடியில் கேபினட்டின் பித்தளைத் தாங்கி ஒன்று திருகு ஓட்டை இல்லாத இடத்தில் நின்றால் ஷார்ட் ஆகும். சந்தேகமிருந்தால் போர்டைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய போர்டில் புது பிராசஸர் போட்டிருந்தால் பயாஸ் அதை அறிந்திருக்காது: பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை வேலை செய்ய பயாஸை அப்டேட் செய்திருக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்

யு.பி.எஸ் வழியாக ஓடும் மெஷினை ஒருமுறை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். பிறகு வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ் இரவல் கிடைத்தால் அதை மாட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் அளக்கலாம். மெஷின் ஓடும்போது, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வைத்து, கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மஞ்சள் ஒயரைத் தொட்டால் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். சாம்பல் ஒயரில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் ‘பவர் குட்’ வரவில்லை. ஃபேன் சுற்றியும் பிராசஸர் தொடங்காததற்கு அதுவே காரணம். எல்லா ஒயரும் கறுப்பாக உள்ள சப்ளையில் புதியவர்கள் இதைச் செய்ய வேண்டாம், இடம் தவறினால் ஷார்ட்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட்டைத் திருத்தி உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருப்பார்கள். பிளக்கை உருவிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கும். ஆளைக் கொல்லக்கூடியது.

பிராசஸரும் போர்டும்

பிராசஸர் தானாகக் கெடுவது அபூர்வம். கெடுவது அதைக் கழற்றி மாட்டும் கைகளால். இன்டெல்லில் ஊசிகள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். டார்ச் அடித்துப் பல கோணத்தில் பார்த்தால் வளைந்த ஊசி மட்டும் வேறு மாதிரி மின்னும். ஏ.எம்.டியின் ஏ.எம்4 வரையிலானவற்றில் ஊசிகள் பிராசஸரிலேயே இருக்கும். அங்கே பிராசஸர் மேல் உள்ள கூலரை நேராகத் தூக்கினால், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். மெதுவாக இடவலமாகத் திருகி, பிடி தளர்ந்த பிறகே தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். ஒரு பக்க ராம் ஸ்லாட்டுகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், வளைந்த சாக்கெட் ஊசியோ ஒரு பக்கமாக இறுகிய கூலரோ காரணமாக இருக்கலாம்.

போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால், அதுவே நோய். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் போட்டால் போர்டு பிழைக்கும். சாலிடரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டிஸ்ப்ளே வந்த பிறகு

‘எஃப்1 அழுத்து’ என்று கேட்டால் பயாஸுக்குள் போய் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால் பேங்க் தளங்கள்கூடத் திறக்காது. விண்டோஸ் ஏறாமல் நின்றால், அமைப்பை அழித்ததில் சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கலாம், முன்பு ஏ.எச்.சி.ஐ இருந்ததா வேறா என்று நினைவுபடுத்தி அதையே வையுங்கள். கழற்றிய ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் திரும்ப மாட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு.

எல்லாம் செய்தும் வராமல் கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், உங்கள் ராமையும் பிராசஸரையும் அவர்களுடைய நல்ல போர்டில் உங்கள் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் போர்டிலோ பயாஸிலோதான். பயாஸ் சிப்பை மறுபடி எழுதிப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள், புது போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு மிகக் குறைவு. பெட்டியை எடுத்துப் போகும்முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். டிஸ்ப்ளே வரவைக்க அது தேவையில்லை. உங்கள் ஃபோட்டோக்களும் கணக்குகளும் வீட்டிலேயே இருக்கும்.